பச்சைப் புள்ளி – அத்தியாயம் 7: ஒன்பதாவது கேள்வி

இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியாது. போன செவ்வாய்க்கிழமை வரை தயானி அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அன்று பதுளை டவுனில் ஹுமைத் நானாவின் போன் கடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கொழும்புப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவள் செய்யும் ஆய்வு, ஒரே வீடியோ கேமை வெவ்வேறு நாட்டு இளைஞர்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்பது பற்றியது. பிரேசிலில் ஒரு நகரம், பிலிப்பைன்ஸில் ஒரு துறைமுக ஊர், தமிழ்நாட்டில் இரண்டு கல்லூரி விடுதிகள். நான்காவதாக அவள் பிறந்து வளர்ந்த ஊவா மலைத் தோட்டங்கள்.

கடையில் இருந்தவர்கள் தங்கள் அணியின் பெயர்ப் பட்டியலைக் காட்டினார்கள். முப்பத்திரண்டு பெயர்கள். நடுவில் ஒரு பெயரில் அவள் கண் நின்றுவிட்டது.

‘துஷி லயம் 7’. பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆள் இப்போது விளையாட்டுக்குள் இருக்கிறார் என்று அர்த்தம்.

துஷாந்த் அவளுடைய தம்பி. இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில், நெல்லிஓயாத் தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் லயத்தின், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையின், மேல் மலை சரிந்தபோது உள்ளே இருந்தவன். வயது பத்தொன்பது. உடல் கிடைக்கவில்லை.

மூன்று நாட்களாக அந்தப் புள்ளி அவளைத் தூங்கவிடவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. இன்றைக்குள் யார் என்று கண்டுபிடித்துவிடுவது என்ற முடிவோடுதான் எழுந்தாள்.

அம்மா தனலெட்சுமி கொழுந்து பறிக்கப் போக இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். சரிவுக்குப் பிறகு கட்டிக்கொடுத்த புது வீடு. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் அடுத்த வீட்டை விழுங்கியிருந்தது. அப்பா அழகையா விடிவதற்கு முன்பே பண்டாரவளைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

“அம்மா, தம்பியோட போன் அன்னைக்கு அவன் கையிலதானே இருந்துச்சு?”

முடிச்சுப் போட்ட கை நின்றது. “இப்ப என்னாத்துக்கு அது?”

“சும்மா கேக்குறேன்.”

“அவன விட்டு அது எப்ப பிரிஞ்சுச்சு? சோத்துத் தட்டுல ஒரு கை, அதுல ஒரு கை. அவன் கூடவே போயிருச்சு.” அம்மா கூடையை எடுத்தாள். “அந்தப் பேய் வெளையாட்டுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு யூனிவர்சிட்டி. நீயும் அதையே கட்டிக்கிட்டு அழுவுற. பெரட்டுல பேர் கூப்பிட நேரமாச்சு, நான் போறேன்.”

பனிக்குள் நான்கு அடி வைத்ததும் அம்மா மறைந்துபோனாள்.

தயானிக்கு அந்த மூன்று நாள் தேடுதல் நினைவுக்கு வந்தது. இராணுவத்தினர் மண்ணைத் தோண்டினார்கள். இடையிடையே எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். அம்மா தம்பியின் நம்பரை அடிப்பாள். மண்ணுக்குள் எங்காவது மணி அடிக்கிறதா என்று நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நம்பர் அணைக்கப்பட்டுள்ளது என்று மூன்று மொழிகளில் ஒரு பெண் குரல் சொல்லும். அம்மா மறுபடி அடிப்பாள்.

சரிவு நடந்த அன்று தயானியும் அடித்திருந்தாள். மண்சரிவு எச்சரிக்கையைக் கொழும்பில் செய்தியில் பார்த்துவிட்டு, பதினொரு தடவை. பத்துத் தடவை மணி போனது. அவன் எடுக்கவில்லை. பதினோராவது தடவை, மூன்று நாற்பதுக்கு, போன் அணைந்திருந்தது. மலை விழுந்தது நாலேகாலுக்கு என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அந்த இடைவெளியை அவள் யாரிடமும் பேசியதில்லை. விளையாடிக்கொண்டிருந்திருப்பான், தொந்தரவாக இருக்கிறதென்று அணைத்துவிட்டு லயத்துக்குள் போயிருப்பான் என்று தனக்குத்தானே முடிவு செய்திருந்தாள்.

அவளுடைய ஆய்வுக் கேள்விகள் பதினான்கு. ஒன்பதாவது கேள்வி இது: விளையாட்டின் நடுவில் வீட்டிலிருந்து போன் கோல் வந்தால் என்ன செய்வீர்கள்?

பிரேசில் பையன்கள், அம்மா இரண்டாவது தடவை அடித்தால் மட்டும் எடுப்போம் என்றார்கள். பிலிப்பைன்ஸில் மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடும் கடைகளில், வீட்டார் நேரிலேயே வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவார்களாம். தமிழ்நாட்டு விடுதியில் ‘மேட்ச்ல இருக்கேன்’ என்ற குறுஞ்செய்தி தயாராக இருந்தது. இங்கே தோட்டத்துப் பையன்கள் வேறு சொன்னார்கள். லயத்துக்குள் சிக்னல் கிடையாது, எதிர் மலையின் பெரிய பாறையில் ஏறித்தான் விளையாடுகிறோம், கோல் எடுத்தால் டேட்டா அறுந்து ஆட்டம் போய்விடும், அதனால் எடுப்பதில்லை.

அந்தக் கேள்வியை ஏன் வைத்தாய் என்று அவளுடைய பேராசிரியர்கூடக் கேட்டதில்லை.

ஒன்பது மணிக்கு அவள் பதுளைக் கடையில் இருந்தாள்.

ஹுமைத் நானாவின் மகள் ஷம்ரா கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு உடைந்த போனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. அணியின் தலைவி அவள்தான். விளையாட்டுக்குள் முன்ஸிப் என்று தம்பியின் பெயரில் இருந்தாள். பெண் என்று தெரிந்தால் கண்டதையும் எழுதுவார்கள் என்று முதல் பேட்டியிலேயே சொல்லியிருந்தாள்.

“அந்த எக்கவுண்ட யாரும் வாங்கல அக்கா. விக்கிறதெண்டா எனக்கித் தெரியாம விக்க ஏலாது.”

“எந் தம்பி எறந்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தோட்டத்துப் பொடியன்மார் சொன்னாங்க. அதுக்குப் பொறகு ஒரு மாசமும் கொஞ்சமும் ஒண்டும் இல்ல. ஒருநாள் லைட் எரிஞ்சிச்சி. நான் போனத் தூக்கி எறிஞ்சிட்டேன், மெய்யாத்தான்.” ஷம்ரா திருப்புளியைக் கீழே வைத்தாள். “பேர அழிப்பமெண்டு பாத்தேன். மனசு வரல்ல.”

“எப்ப எப்ப வருது?”

அணித் தலைவிக்குத் தெரியும் பதிவுகளை ஷம்ரா திறந்து காட்டினாள். தயானி அதைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினாள். பன்னிரண்டரையிலிருந்து ஒன்று பத்து வரை. மறுநாளும் அதே நேரம். ஞாயிற்றுக்கிழமை இல்லை. பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று இல்லை.

“சண்ட ஒண்டும் பிடிக்கமாட்டார்” என்றாள் ஷம்ரா. “வடக்கால ஒரு மேடு ஈக்கி. அதுல போய்ச் சும்மா நிப்பார். நாங்க யாரும் கிட்டப் போனா மூணு தரம் துள்ளுவார். துஷி அப்பிடித்தான் சலாம் செல்லுற மாதிரி துள்ளுவான்.”

தயானியின் பேனா நின்றது.

“இன்னொண்டும் ஈக்கி. ஒங்களுக்குக் காட்டோணுமா வேணாமாண்டு யோசிச்சேன்.” ஷம்ரா குரலைத் தணித்தாள். “துஷி எழுதுறதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான். இது தமிழ் எழுத்து. போன மாசம் ரெண்டு நாளா மழ பெஞ்சதே, அப்ப வந்தது.”

அணியின் பொது அரட்டைப் பக்கத்தில் அந்த வரி இருந்தது.

*மழ கூடுது. மலைகிட்ட இருக்கவங்க எல்லாறும் எந்திரிச்சு வெளிய போங்க.*

“எங்க எல்லாருக்கும் மேல் சிலிர்த்திச்சி அக்கா. பசறைப் பக்கத்துல ஒரு பொடியன் அந்த மழையிலயே உம்மா வாப்பாவக் கூட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான். வானத்து மலக்குமார் எழுதினதோ ஜின் எழுதினதோண்டு வாப்பா கேக்குறார்.”

தயானி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் போய், அதில் ஒரு எழுத்து கண்ணில் பட்டது. எல்லாறும். வல்லின ற.

அவள் பதுளையில் விடுதியில் தங்கிப் படித்தபோது மாதம் ஒரு கடிதம் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவரின் எழுத்து. ‘நாங்கள் எல்லாறும் சுகம். நீ நல்லா படி.’ ஒவ்வொரு கடிதத்திலும் அதே பிழை. திருத்த மனமில்லாமல் அவள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தாள்.

“அக்கா, மொகம் வெளுத்துப் போச்சி. தண்ணி தரவா?”

“வேணாம் ஷம்ரா. பண்டாரவளைக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு?”

ஹாலிஎலவுக்கு மேல் ஏற ஏறப் பனி பஸ் கண்ணாடியில் வந்து ஒட்டியது. பண்டாரவளையில் இறங்கியபோது மணி பன்னிரண்டு இருபது. அப்பா மூட்டை தூக்கும் புஹாரி முதலாளியின் மரக்கறிக் களஞ்சியம் சந்தைக்குப் பின் தெருவில் இருந்தது. காலை லொறிகள் போய்விட்டன. ஞாயிறும் போயாவும் அங்கே லொறி வருவதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

களஞ்சியத்தின் கோடியில், லீக்ஸ் கட்டுகளுக்கும் கோவா மூட்டைகளுக்கும் இடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மூடியிருந்த சோற்றுப் பொதி பக்கத்தில். இரண்டு கையாலும் ஒரு போனைப் பிடித்து, முகத்துக்குக் கிட்டே வைத்திருந்தார். மூட்டை தூக்கிக் காய்த்த பெருவிரல்கள் கண்ணாடியில் மெதுவாக நகர்ந்தன.

போனின் மூலையில் கீறல் விழுந்த நீல உறை. அதை வாங்கிக்கொடுத்தவள் தயானி.

அவள் கூப்பிடவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று தன் போனைத் திறந்து, அந்த விளையாட்டுக்குள் இறங்கினாள்.

வடக்கு மேடு தூரத்தில் தெரிந்தது. நடந்தாள். உச்சியில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு உருவம் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

அந்த உருவம் திரும்பியது. மூன்று முறை துள்ளியது.

இது அப்பா என்று தெரிந்திருந்தும் ‘துஷி’ என்று அவளுடைய வாய் முணுமுணுத்தது. அவளும் மூன்று முறை துள்ளினாள்.

தூணுக்கு அந்தப் பக்கம் அப்பா சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. “யாரு இது, புதுப் புள்ள” என்று போனிடம் கேட்டார்.

“நான்தான் அப்பா.”

அழகையா திடுக்கிட்டுப் போனைக் கோவா இலைக் குப்பைக்குள் திணித்தார். பிறகு, மறைத்துப் பயனில்லை என்று தெரிந்து, திரும்ப எடுத்து வேட்டியில் துடைத்தார்.

“சாப்பிட்டியா?” என்றார்.

“எப்பலேருந்து அப்பா?”

“அவன் போயி நாப்பது நாள் கழிச்சு.”

“போன் அவன்கிட்ட இல்லையா அன்னைக்கு?”

அப்பா நீல உறையின் கீறலை நகத்தால் தேய்த்தார். வெளியே ஒரு வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“நான் புடுங்கிட்டு வந்துட்டேன்” என்றார். “வேலைக்கு வாடான்னா வர மாட்டேங்குறான். விடிஞ்சா பாறையில ஏறிருவான், பொழுது சாஞ்சாத்தான் எறங்குவான். காலையில உங்கம்மா தண்ணிக்குப் போன நேரம் சண்ட. கையிலேருந்து பறிச்சுப் பையில போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். அன்னைக்கி ஒரு நாளாவது வீட்டுல இருக்கட்டும்னு.”

தயானி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

“மத்தியானத்துக்கு மேல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அக்கான்னு எழுதி வந்துச்சு. உன்னச் சிபாரிசுக்குப் புடிச்சிருக்கான்னு நெனச்சேன். போனக் குடுத்துருங்கப்பான்னு சொல்லத்தான் நீ அடிக்கிறன்னு. எடுக்கல. மழைக்குள்ள லொறிக்கு ஏத்திக்கிட்டு இருந்தோம், எரிச்சல்ல அணைச்சுப் போட்டேன்.”

மூன்று நாற்பது. அணைத்தது இந்தக் கை.

“பாறைக்கு ஒண்ணும் ஆகல தயானி” என்றார் அப்பா. “இன்னமும் அப்பிடியேதான் நிக்கிது. நான் போன விட்டுட்டு வந்திருந்தா அந்த நேரத்துக்கு அவன் அங்கதான் இருந்திருப்பான். கூப்பிட்டாலும் எறங்கியிருக்க மாட்டான்.”

அவளால் அவரைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வருடமாக நான்கு நாடுகளில் அவள் தேடியதற்குப் பதில், இந்த லீக்ஸ் வாடைக்கு நடுவே, கேட்கத் தெரியாத இடத்திலிருந்து வந்திருந்தது. விளையாட்டு அவனைக் கொல்லவில்லை. விளையாடியிருந்தால் இருந்திருப்பான்.

“உங்கம்மா நம்பர அடிப்பா. எல்லாரும் காதக் குடுத்துக்கிட்டு நிப்பாங்க. நான் பைய நெஞ்சோட புடிச்சுக்கிட்டு அவ பக்கத்துல நிப்பேன். அதுக்குள்ளதான் கெடக்கு. மொத நாள் சொல்லல. ரெண்டாம் நாள் சொல்ல முடியல. அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்றது?”

“நானும் அவனத் திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன் அப்பா. எடுக்கலையேன்னு. இன்னைக்கிக் காலையில வரைக்கும்.”

அப்பா தலையசைத்தார். போனை அவள் பக்கம் திருப்பினார். சிவப்புத் தொப்பி உருவம் மேட்டில் அசையாமல் நின்றிருந்தது. தோள்கள் மட்டும் மெல்ல ஏறி இறங்கின.

“எரிச்சுப்புடலாம்னுதான் எடுத்தேன். எதையோ தொட்டுட்டேன், இது தொறந்துருச்சு. பாரு. மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிறான்.”

நிற்கும் உருவங்கள் உயிரோடிருப்பதுபோலத் தெரிவதற்காக அப்படிச் செய்து வைப்பார்கள் என்று தயானிக்குத் தெரியும். அதைப்பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறாள். அவள் அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

“புது சிம் ஒண்ணு வாங்கிப் போட்டேன். சோத்து நேரத்துல அவன்கூட இருப்பேன். சுட எல்லாம் எனக்குத் தெரியாது. கிட்ட வர்றதுங்க மூணு தடவ துள்ளும், நானும் துள்ளுவேன். வெளிநாட்டுப் புள்ளைங்க வந்து பேசுதுங்க. ஒண்ணும் வெளங்காது. துஷி, துஷின்னு மட்டும் படிப்பேன். அவன இன்னும் அங்க கூப்பிடுறாங்க இல்ல, அது போதும்னு இருந்துட்டேன்.” அவர் மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்தார். “அதுங்களையும் ஏமாத்திக்கிட்டு இருக்கேன். நீ எழுது. உனக்குத் தெரியும் அவங்க பாஷ.”

“என்னன்னு எழுத?”

“நடந்தத எழுது.”

தயானி போனை வாங்கினாள். தம்பியின் நண்பர்கள் இருக்கும் பகுதியைத் திறந்து ஆங்கிலத்தில் எழுதினாள். நான் துஷாந்தின் அக்கா. அவன் இரண்டு வருடங்களுக்கு முன் மண்சரிவில் இறந்துவிட்டான். இதுவரை இங்கே நின்றது எங்கள் அப்பா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சரிவின் கீழிருந்து ஒருவன் ஏறி வந்தான். பின்னால் இன்னொருவன். பிறகு நாலைந்து பேர். மேட்டுக்கு வந்ததும் ஆயுதங்களைத் தரையில் போட்டுவிட்டு, சிவப்புத் தொப்பியைச் சுற்றி நின்றார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. அவளுடைய ஆய்வுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. அவள் குறிப்பேட்டைத் தொடவே இல்லை.

“என்னா செய்யிதுங்க?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“துக்கத்துக்கு வந்திருக்காங்க அப்பா.”

அழகையா தன்னை அறியாமல் எழுந்து நின்றார்.

அப்போதுதான் தனியாக ஒரு செய்தி வந்தது. மாரிகார் என்று பெயர். பிலிப்பைன்ஸில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்பவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

*நாங்களும் மலைச்சரிவில் குடியிருக்கிறவர்கள். உங்கள் மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருப்பதாக அவன் என்னிடம் சொன்னான். படமும் அனுப்பினான். என்னிடம் இருக்கிறது. வேண்டுமா?*

தயானி தன் நம்பரை எழுதினாள். ஒரு நிமிடத்தில் படம் வந்தது.

லயத்துக்கு மேலே உள்ள தேயிலைச் சரிவு. செடிகளுக்கு நடுவே மண் நீளமாகப் பிளந்திருந்தது. கால் நுழையும் அகலம். தேதி, மலை விழுவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்.

பிளவின் ஆழத்தைக் காட்டுவதற்காக அதற்குள் ஒரு காலை விட்டு நின்றிருந்தாள் ஒரு பெண். முதுகில் கொழுந்துக் கூடை. இடுப்பில் படங்கு.

அம்மா.

படத்துக்குக் கீழே துஷாந்த் மாரிகாருக்கு எழுதிய ஆங்கில வரியையும் அவள் சேர்த்தே அனுப்பியிருந்தாள். தயானி அதை அப்பாவுக்குத் தமிழில் வாசித்தாள். “இத அம்மாதான் மொதல்ல பாத்தாங்க. தோட்ட ஒஃபீஸுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டாங்க.”

அழகையா படம் தெரிந்த போனைக் கையில் வாங்கினார். பிளவுக்குள் இருந்த காலை விரலால் தொட்டார்.

“மண்சரிவு விசாரணையில உங்கம்மா எந்திரிச்சு நின்னு சொன்னா” என்றார். “முன்கூட்டி ஒரு அடையாளமும் நாங்க பாக்கலன்னு. கையெழுத்தும் போட்டா. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“ஏன் அப்பா அப்பிடிச் சொன்னாங்க?”

“தெரியலியே. நான் எங்க அவகிட்ட எதக் கேட்டேன்? கேட்டா அவளும் எதையாவது திருப்பிக் கேப்பாளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.”

“மொதல்ல வீட்டுக்குப் போயி இதக் காட்டி அவங்களக் கேப்போமா?”

அப்பா குனிந்தார். பிரிக்காத சோற்றுப் பொதியைப் பைக்குள் வைத்தார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, முன்பக்க மேசைக்கு நடந்தார். தயானி பின்னால் போனாள்.

புஹாரி முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். “என்ன அழகையா, ரெண்டு மணி லொறி வரப் போகுதே. எங்க கெளம்பிட்டீங்க?”

“அரை நாள் லீவு வேணும் முதலாளி.”

“வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?”

“அதில்ல. எம் பொஞ்சாதிகிட்ட ஒரு விசயம் சொல்லணும்.” அழகையா நீல உறை போட்ட போனைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். “அவகிட்ட எதையும் கேக்குறதுக்கு முந்தி, அத நான் சொல்லிறணும்.”